ஃபுல் இன்சூரன்ஸ் கேட்டவள் எழுதுவது

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை விடியலில் நீ காரை எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் போனாய். இன்று செவ்வாய். இதற்குள் போனில் எத்தனையோ தடவை பேசியாயிற்று. ஆனால் அதைப் பேச்சு என்று எப்படிச் சொல்வது? நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தாலே, "சரிம்மா, சரிம்மா, மாடு பாத்துக்கினு கீறேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று நீயே ஒருநாள் சொல்லிச் சிரித்தாய். அதில் என் குரல் கிளி கத்துவதுபோல் இருக்கிறதாமே! காகிதத்தை அப்படி ஓடவிட முடியாது அல்லவா? அதனால்தான் மெஸ்ஸில் மத்தியானக் கூட்டம் கலைந்ததும், அடுப்பைத் துடைக்காமல்கூட உட்கார்ந்து எழுதுகிறேன். ஊறுகாய் டப்பாவோடு பஸ்ஸில் கொடுத்தனுப்புவேன். நிதானமாகப் படி. ஒரு மாதமாக என் மண்டைக்குள் எல்லாம் குழம்பிக் கிடக்கிறது. எழுதினாலாவது தெளிகிறதா பார்க்கிறேன்.

கார் கொட்டகை காலியாக இருக்கிறது. தரையில் எண்ணெய்க் கறை மட்டும் வட்டமாகத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை நீ போன கொஞ்ச நேரத்திலேயே உங்க நைனா பழக்க தோஷத்தில் வாளியும் துணியுமாக அங்கே போய் நின்றுவிட்டு, கொஞ்ச நேரம் தரையையே பார்த்துவிட்டு, வாளித் தண்ணீரைத் துளசிக்கு ஊற்றிவிட்டு வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்தது. எதற்கு அழுதாய் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. அந்தக் கார் ஒழிந்தால் போதும், கொட்டகையில் விறகாவது அடுக்கலாம் என்று நீ பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான்.

உனக்குப் பால் கம்பெனியில் மாட்டு டாக்டர் வேலை கிடைத்தபோது நான் தெருவெல்லாம் லட்டு கொடுத்தேன். திருப்பதியில் தங்க வேண்டும் என்றாய், சரி என்றேன். வெதுருகுப்பம் பக்கத்துக் கிராமமெல்லாம் சுற்ற வேண்டும் என்றாய், அதற்கும் சரி என்றேன். "வண்டிக்கு?" என்று கேட்டேன். "புதுசு வாங்க எங்கிட்ட ஏதுமா காசு? நைனா கார் கீதே" என்று சாதாரணமாகச் சொன்னாயே, அப்போது என் கையில் இருந்த கரண்டி குழம்புக்குள் விழுந்துவிட்டது. நீ லைசென்ஸ் எடுத்து மை காயவில்லை. அந்தக் காரோ உங்க நைனாவைவிடக் கொஞ்சம்தான் சின்னது. மூஞ்சி உருண்ட அந்த வெள்ளைக் காரைத் தெருவில் பார்த்தால் பிள்ளைகள் நின்று போட்டோ எடுக்கிறார்கள். அதில் என் பெண் மேட்டிலும் பள்ளத்திலும் தன்னந்தனியாகப் போவதா?

அப்போதுதான் அந்த நிபந்தனையைப் போட்டேன். "ஃபுல் இன்சூரன்ஸ் இல்லாம அந்த வண்டி கேட்டத் தாண்டக் கூடாது." அவ்வளவு பழைய வண்டிக்கு எவனும் ஃபுல் இன்சூரன்ஸ் தரமாட்டான் என்று எங்கோ காதில் விழுந்திருந்தது. அந்தத் தைரியத்தில் சொன்னேன். உன்னை நிறுத்துவதற்குத்தான் சொல்கிறேன் என்பது உனக்கும் தெரியும். "அப்போ கெடச்சா வுட்டுடுவியா?" என்று கேட்டாய். "கெடச்சா போ" என்றேன், பெரிய மகாராணி மாதிரி. நீ என் வயிற்றில்தானே பிறந்தாய், பிடிவாதம் வேறெங்கே போகும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

முதலில் நம் மெஸ்ஸில் சாப்பிடும் ஏஜென்டையே பிடித்தாய். அவர் சோற்றில் குழி பறித்துக்கொண்டே, "தர்ட் பார்ட்டி மட்டும் போட்டுக்கலாம்மா. ஈ காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் லேதம்மா" என்றார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இருந்தாலும் விட மனமில்லாமல், தர்ட் பார்ட்டி என்றால் யார் என்று கேட்டேன். நம் வண்டி யார்மேலாவது மோதினால் அவர்களாம். அப்போது என் பெண்? அவளுக்குத் தனியாக ஒன்று போட வேண்டுமாம். கார்? காருக்கு ஒன்றும் இல்லையாம். ரோட்டில் போகிற முகம் தெரியாத ஆளுக்கு முதல் மரியாதை, எங்கள் வண்டிக்கு நாமமா? இதை யோசித்துக்கொண்டே அவர் இலையில் சாம்பாரை ஊற்றி, அதன் மேலேயே ரசத்தையும் ஊற்றிவிட்டேன். "ஏமம்மா இது!" என்று அந்த மனுஷன் இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்ததை நினைத்தால் இப்போதும் உனக்குச் சிரிப்பு வரும்.

ஆனால் அதற்கப்புறம் நடந்தது சிரிக்கிற விஷயம் இல்லை. புது இலையில் உட்கார்ந்ததும் அவரே இன்னொன்றும் சொன்னார். சில கம்பெனிகள் ஆளை அனுப்பி வண்டியைப் பார்த்துவிட்டு, மதிப்பு இவ்வளவு என்று நம்மோடு பேசி ஒத்துக்கொண்டு, ஃபுல் இன்சூரன்ஸ் தருவார்களாம். ஆனால் புது லைசென்ஸ் பெண் தினமும் கிராமத்து ரோட்டில் ஓட்டப்போகிறாள் என்றால் யோசிப்பார்களாம். "அதனால சார்தான் ஓட்றாரு, வாரத்துக்கு ஒரு வாட்டி கோயிலுக்குப் போய் வர்றாருன்னு சொல்லிடுங்க. கம்மில முடிஞ்சிடும்." தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த உங்க நைனா செம்பைக் கீழே வைத்தார். "அது ஆவாது சார். ஓட்றேன்னு எழுத்துல குடுத்தாலும் பொய்தான். நான் காணிப்பாக்கத்துல சத்தியம் பண்ணிக்கீறேன்." ஏஜென்ட் என்னைப் பார்த்தார். நீயும் பார்த்தாய். எனக்கு உள்ளே வேலை இருப்பதுபோல் சமையலறைக்குப் போய்விட்டேன்.

இந்தக் கதை உனக்குத் துண்டு துண்டாகத் தெரியும். முழுசாகக் கேள். அப்போது நீ என் வயிற்றில் இருந்தாய். பலமனேர் சந்தையில் தக்காளி எடுத்துக்கொண்டு அந்தக் காரில்தான் திரும்பிக்கொண்டிருந்தோம். மொகிலி இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. முன்னால் லாரி, ஒரு பக்கம் பள்ளம். உங்க நைனா கியரை இறக்கி, ஹாரனில் கையை வைத்தபடியே, மலைப் பக்கம் இருந்த மண்மேட்டில் ஏற்றி வண்டியை நிறுத்தினார். பின்னால் இருந்த தக்காளிக் கூடையெல்லாம் என்மேல் கவிழ்ந்தன. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மடி முழுக்கச் சிவப்பாக ஈரமாக இருந்ததைப் பார்த்ததும் நீ போய்விட்டாய் என்றே நினைத்துவிட்டேன். ஐயோ, எப்படிக் கத்தினேன் தெரியுமா! உங்க நைனா தக்காளியை எடுத்து எடுத்து என் கண்ணெதிரே காட்டுகிறார், "தக்காளிம்மே, வெறும் தக்காளி" என்கிறார், எனக்குக் காதில் ஏறவில்லை.

அந்த வாரமே அவரைக் காணிப்பாக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அந்தப் பிள்ளையார் முன்னால் சொன்ன வார்த்தையை நம் பக்கத்தில் யாரும் மீற மாட்டார்கள். குடியை விடுகிறவன், பங்காளிச் சண்டையில் உண்மை சொல்ல வேண்டியவன், எல்லாரும் குளத்தில் முழுகிவிட்டு அங்கே வந்துதான் நிற்பார்கள். நானும் உங்க நைனாவை முழுகவைத்து ஈர வேட்டியோடு நிறுத்தினேன். "இந்தக் காரு ஸ்டீரிங்க இனிமே தொடமாட்டேன்னு சொல்லு" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், சொல்லிவிட்டார். நம் இரண்டு பேரையும் அன்றைக்குக் காப்பாற்றியதே அந்தக் கைகள்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அப்போது நான் கேட்டிருக்க மாட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் நீ பார்த்தே வளர்ந்தாய். பிரேக்கைச் சரிசெய்து வைத்தார், விற்கவும் இல்லை, ஓட்டவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கழுவுவார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கையை எட்டி நீட்டிச் சாவியைத் திருகி இன்ஜினை ஓடவிடுவார். ஸ்டீரிங்கில் விரல் நகம்கூடப் படாது. நீ சின்னதாக இருந்தபோது கார் என்றால் இப்படி இடதுபக்கம் உட்கார்ந்துதான் ஸ்டார்ட் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டுவிட்டு வந்தாய். வண்டி முழுக்கத் துடைத்துவிட்டு ஸ்டீரிங்கை மட்டும் விட்டுவிடுவார். தூசி படிந்த அதைப் பார்த்தால் எனக்கு என்னவோ செய்யும். அவர் குளிக்கப் போனதும் நான் போய் முந்தானையால் துடைத்துவிட்டு வருவேன். இதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

அப்புறம் நீ போனில் தேடித் தேடித் திருப்பதியில் ஒரு ஆபீசைப் பிடித்தாய். ஓட்டப்போகிறது நான்தான், புது லைசென்ஸ்தான் என்று நிஜத்தையே சொன்னாய். அவர்களும் வண்டியைப் பார்க்க ஒரு சர்வேயரை அனுப்பினார்கள். முதுகில் பையோடு வந்த அந்தத் தம்பி முன்னால், பின்னால், கீழே என்று போட்டோவாக எடுத்தார். நீ டீ போட உள்ளே போயிருந்தாய். "சார், ஸ்டீரிங்க ஃபுல்லா ஒடிங்க, டயர் பாக்கணும்" என்றார். உங்க நைனா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அந்தத் தம்பி மறுபடியும் சொன்னார். உங்க நைனா நகரவில்லை. கடைசியில் நான் போய் அந்த சீட்டில் உட்கார்ந்தேன். வாழ்நாளில் முதல் தடவை! திருப்பினால் மாவாட்டும் கல் மாதிரி கனக்கிறது. கண்ணாடி வழியே நிமிர்ந்து பார்த்தேன். பின்னால் கட்டியிருந்த அவர் கைகள் இப்போது முன்னால் வந்து, வெறும் காற்றில், நான் திருப்புகிற பக்கமே லேசாகத் திரும்பின. அவருக்கே அது தெரிந்திருக்காது.

அந்த நேரம் பார்த்தா அந்தத் தம்பி வாயைத் திறக்க வேண்டும்? "மேடம், மார்க்கெட்ல இதுக்கு வேல்யூன்னு ஒண்ணும் இல்ல. இரும்புக் கடையில போட்டா இன்னா வருமோ, அதான்." எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "இன்னாது, இரும்பா? கண்ணு தெரிஞ்சுதான் பேசறியா? எந்த ஞாயித்துக்கிழமையாவது இது ஸ்டார்ட் ஆவாம இருந்ததுன்னு சொல்லு பாக்கலாம்! புள்ளத்தாச்சிய மலை மேலருந்து பத்திரமா எறக்கின வண்டி இது. இன்னிக்கி வர்ற தகர டப்பா எது அப்படி எறக்கும்?" என்று பிடித்துக்கொண்டேன். இத்தனை காலமும் அந்த வண்டியைத் திட்டிய வாய் இது! அவர் ஒரு மதிப்பு சொல்ல, நான் ஏற்ற, அவர் இன்னொன்று சொல்ல, நான் இன்னும் ஏற்ற, நீ டீயோடு ஓடிவந்து என் இடுப்பைக் கிள்ளினாய். "அம்மா, ஏத்தாதம்மா! மதிப்பு ஏறினா நாம கட்டறதும் ஏறும்!"

இது என்ன நியாயம்? சந்தையில் வாங்குகிறவள் இறக்குவாள், விற்கிறவன் ஏற்றுவான், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இங்கே எந்தப் பக்கம் நிற்பது என்றே புரியவில்லை. சரி என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, "ஆனா ஒரு கதவு சரியா சாத்தாது தம்பி. மழை பெஞ்சா உள்ள ஒழுவும்" என்று இறக்க ஆரம்பித்தேன். உடனே நீ மறுபடியும் கிள்ளினாய். ரொம்ப இறக்கினால் அடிபட்ட அன்றைக்கு ஒன்றும் கிடைக்காதாம். ஏற்றினாலும் கஷ்டம், இறக்கினாலும் கஷ்டம். சர்வேயர் தம்பி டீயைக் குடித்துவிட்டு, "மேடம், ஏதாவது ஒண்ணு முடிவு பண்ணுங்க" என்று கும்பிட்டார். கடைசியில் உன் சம்பளத்துக்குள் அடங்குகிற மாதிரி நீதான் பேசி முடித்தாய். நான் வேண்டாம் என்று நினைத்த இன்சூரன்ஸுக்கு நானே சண்டை போட்டு வழி செய்திருக்கிறேன் என்பது அவர் தெருமுனை தாண்டின பிறகுதான் உறைத்தது. "இம்மா நாளா அந்த வண்டியத் திட்டிக்கினு இருந்தியே, இன்னிக்கி இன்னா ஆச்சு?" என்றார் உங்க நைனா. "எனக்குத் தெரியாது, போ" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பூஜை போடக் காணிப்பாக்கம் போனோமே, அன்றைக்கு நான் ஒரு திட்டத்தோடுதான் வந்தேன். நீ ஓட்டினாய். நான் முன்னால் உட்கார்ந்து டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன், உங்க நைனா பின்னால். நீ நன்றாகத்தான் ஓட்டுகிறாய். அன்றைக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். மாலை போட்டு, குங்குமம் வைத்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றின பிறகு, சாமி பார்த்துவிட்டு வெளியே வந்ததும் உன் கையைப் பிடித்துக் குளத்துப் பக்கம் இழுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? வேகமாக ஓட்டமாட்டேன், ராத்திரியில் எடுக்கமாட்டேன் என்று உன்னைச் சத்தியம் பண்ணவைக்கத்தான். நீ "இன்னாம்மா?" என்று கேட்டாய். உனக்குப் பின்னால் உங்க நைனா அந்தக் குளத்துப் படியையே பார்த்துக்கொண்டு நின்றார். என் பயத்துக்கு ஏற்கெனவே ஒரு ஆளின் இரண்டு கைகளைக் கட்டியாயிற்று, இன்னும் இரண்டு கைகள் வேண்டுமா என்று தோன்றியது. "ஒண்ணுமில்ல, போய் பிரசாதம் வாங்கினு வா" என்று உன்னை அனுப்பிவிட்டேன்.

நீ வரிசையில் நின்றபோது நாங்கள் இரண்டு பேரும் மறுபடியும் சன்னிதிக்குப் போனோம். "சாமி, அன்னிக்கிக் கேட்டவ நான். எனக்காகத்தான் அவரு சொன்னாரு. அதை நானே திருப்பி எடுத்துக்கறேன். தப்புன்னா எங்கிட்ட கேளு, அவர வுட்டுடு" என்று சொல்லிவிட்டேன். அப்படித் திருப்பி எடுத்துக்கொள்ளலாமா என்பது எனக்குத் தெரியாது. இன்சூரன்ஸ் என்றால் கேட்க ஏஜென்ட் இருக்கிறார், இதை யாரிடம் போய்க் கேட்பது? வெளியே வந்து, "போறப்போ நீ ஓட்டு" என்றேன் அவரிடம். அவர் என்னையே பார்த்தார். அப்புறம் சிரித்தார் பார், எத்தனை காலம் ஆயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து! "என் லைசென்ஸ் செத்து எவ்ளோ வருஷம் ஆச்சு தெரியுமா? நான் ஓட்டினா, நீ சண்ட போட்டு வாங்கினியே ஃபுல் இன்சூரன்ஸ், அது செல்லாதும்மே." பிரசாதத்தோடு வந்த நீ எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாய். சும்மா என்று சொல்லி மழுப்பிவிட்டோம்.

சும்மா இல்லை. நேற்று மெஸ்ஸுக்கு லீவு விட்டுவிட்டு உங்க நைனாவை ஆர்டிஓ ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவ்வளவு பழைய லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாதாம், முதலிலிருந்து எடுக்க வேண்டுமாம். உன் வயசுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சிக்னல் படத்துக்கெல்லாம் பதில் சொல்லி, எல்எல்ஆர் வாங்கிவிட்டார். வெளியே வந்து "பாஸு" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். அப்புறம் வழியெல்லாம் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். அறுபதை நெருங்குகிற மனுஷன், இப்போது நம் வீட்டில் அவர்தான் புது டிரைவர்.

இன்று மத்தியானம் நம் ஏஜென்ட் சாப்பிட வந்தார். எல்எல்ஆரை வைத்துக்கொண்டு ஓட்டினால் இன்சூரன்ஸ் செல்லுமா என்று கேட்டேன். அவர் முதலில் இலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார், அப்புறம்தான் பதில் சொன்னார். செல்லுமாம். ஆனால் வண்டியில் 'எல்' போர்டு இருக்க வேண்டும், பக்கத்து சீட்டில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும், வேறு யாரையும் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. "அப்போ நான் பின்னாடி உக்காந்தா?" "வத்தம்மா, நீங்க எறங்கிக்கோங்க" என்றார். தெலுங்கில் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் எனக்கு உடனே புரிந்துவிடுகிறது.

நம் வீட்டில் லைசென்ஸ் யாரிடம் இருக்கிறது பாப்பா? உன் ஒருத்தியிடம்தான். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் நீ வந்தே தீர வேண்டும். வா என்று நான் கெஞ்சவில்லை. இன்சூரன்ஸ்காரன் சொல்கிறான், நான் என்ன செய்யட்டும்? உன்னிடம் வேறு எந்தச் சத்தியமும் கேட்கமாட்டேன். பயம் போய்விட்டது என்று நினைக்காதே, அது அப்படியேதான் இருக்கிறது, அதற்கு எந்த ஆபீசிலும் இன்சூரன்ஸ் இல்லை. எங்கே போனாலும் போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் மட்டும் போடு.

இன்னொன்று. வரும்போது காரைக் கழுவிக்கொண்டு வராதே. வெதுருகுப்பத்துப் புழுதியோடு அழுக்காகவே கொண்டுவா. உங்க நைனா வாளியோடு கொட்டகையில் காத்திருப்பார், வண்டி முழுக்க அவரே துடைப்பார். ஸ்டீரிங்கை நீயும் துடைக்காதே, நானும் முந்தானையோடு போகமாட்டேன். இந்த வாரம் அதையும் அவரே துடைக்கட்டும்.

கேட்டருகில் நின்றுகொண்டிருப்பேன்.

அம்மா